பள்ளிக்குப் போனவர்களின் திறப்புகள்

நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த வருஷம் அது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், நிந்தவூர்ப் பக்கம் பிரதான வீதியோரத்துப் பெற்றோல் அடிக்கும் செட் ஒன்றின் முன்னால் இது நடந்தது. நான் கல்முனையில் ஓட்டோ ஓடுகிறவன். பெற்றோல் கொண்டுவரும் பவுசர் வரப்போகிறது என்று யாரோ சொன்னதை நம்பி, முதல்நாள் பின்னேரமே ஓட்டோவைக் கொண்டுபோய் வரிசையில் விட்டுவிட்டேன். அந்த நாட்களில் பவுசரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்புவோம்.

அந்தப் பெற்றோல் எனக்குத் தொழிலுக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பில் ஒரு பூசை இருந்தது. இளவயதில் நான் கத்தோலிக்கக் குருமடத்தில் படித்தவன். சுவாமியாக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எனக்கு இருந்ததில்லை. குருப்பட்டத்துக்குக் கொஞ்சக் காலமே மிச்சமிருந்தபோது அப்பா பாரிசவாதத்தில் விழுந்தார். வீட்டில் இரண்டு தங்கைகள். அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவன் திரும்பவேயில்லை. பிறகு கல்யாணம், ஒரு மகள், ஓட்டோ. குறை சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கைதான். என்றாலும், யாராவது புதிதாகக் குருப்பட்டம் பெறுகிறார் என்று கோயிலில் அறிவித்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

என்னோடு படித்தவர்கள் குருக்களாகி இருபத்தைந்து வருஷம் நிறைவதற்கான பூசைதான் அந்த ஞாயிறு. எனக்கும் அழைப்பு வந்திருந்தது. போகவும் ஆசை, போய் அவர்களைப் பீடத்தில் பார்க்கவும் மனமில்லை. பெற்றோல் கிடைக்காவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவ்வளவு நீள வரிசையில் அப்படி வேண்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்கு முன்னும் பின்னும் நின்ற எல்லாரும் முஸ்லிம் ஆட்கள். வரிசையில் ஒரு இரவு ஒன்றாகக் கிடந்தால் அறிமுகம் என்ன, பாதிச் சொந்தமே ஆகிவிடும். முன்னால் நின்றவர் மருதமுனைக்காரர், சாறன் நெய்து விற்கிறவர்; அண்ணன் முறை வைத்து அவரைக் காக்கா என்றுதான் கூப்பிட்டேன். பின்னால் பாலமுனையிலிருந்து வந்த மீன்பிடிக்காரர். அவருடைய மனைவிக்கு அது பிள்ளைப்பேற்று மாதம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மோட்டார்சைக்கிளில் ஒரு சொட்டுக்கூட இல்லை என்று தவித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இறக்காமத்து விவசாயி. தன் வயலில் யானை இறங்கிய கதையை வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல யானை வளர்ந்துகொண்டே போனது.

மத்தியானம் நெருங்க வரிசையில் ஒரு தவிப்பு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகாமல் இருக்க முடியாது. எல்லாரும் ஒரேயடியாகப் போனால் வேறு யாராவது முன்னால் புகுந்துவிடலாம். காக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, உங்களுக்கு இண்டைக்கு ஜும்ஆ இல்லத்தானே?"

"இல்ல காக்கா, எங்களுக்கு ஞாயிறுதான்."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப எங்கட வாகனத்தையெல்லாம் கொஞ்சம் பாத்துக்கங்க. தள்ள வேண்டி வந்தா பூட்டத் திறக்கத் திறப்பு வேணுமே, அதையும் வெச்சிக்கங்க. தொழுதிட்டுச் சுறுக்கா வாறம்."

காக்காவிடம் ஒரு துண்டு நூல்கயிறு இருந்தது. ஆளாளுக்குத் தங்கள் வண்டித் திறப்பைக் கொண்டுவந்து கோத்தார்கள். கடைசியில் அதை என் கழுத்தில் போட்டுவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டார்கள்.

வீதி வெறிச்சென்று ஆனது. பள்ளிவாசலிலிருந்து குத்பாப் பிரசங்கம் ஒலிபெருக்கியில் கேட்டது. இரவு முழுக்க நுளம்புக் கடி தூங்க விடவில்லை. வெயிலோ உச்சியைப் பிளந்தது. ஓட்டோவுக்குள் உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று தெரிந்தது. வெளியே நின்று செபமாலை சொல்லலாம் என்றால், கண்ணாடியில் தொங்கிய செபமாலை அறுந்துபோய், கோத்துத் தருகிறேன் என்று மகள் எடுத்து வைத்திருந்தாள். இன்றைக்கும் கோத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

கை தானாகக் கழுத்துக் கயிற்றுக்குப் போனது. ஒரு திறப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு 'மரியே வாழ்க' செபம் சொன்னேன். அடுத்த திறப்புக்கு அடுத்தது. முதலில் தூக்கத்தை விரட்டத்தான் சொன்னேன். பிறகு ஒவ்வொரு திறப்பிலும் ஒரு முகம் வரத் தொடங்கியது. பாலமுனைக்காரரின் திறப்பு வந்தபோது, தாயும் பிள்ளையும் சுகமாகப் பிரிய வேண்டும் என்று கேட்டேன். காக்காவின் சாறன்கள் விற்க வேண்டும் என்று கேட்டேன். இறக்காமத்தாரின் வயலுக்கு ஒன்று, அந்த யானைக்கும் சேர்த்து ஒன்று.

அந்த நேரத்தில் ஒரு வேன் வந்து, எங்கள் வரிசைக்கு முன்னால் மூக்கை நுழைத்தது. நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"அண்ணன், இஞ்ச வரிசை இருக்கு. ஆக்கள் தொழப் போயிருக்காங்க."

வேன்காரர் எட்டிப் பார்த்தார். "வாகனம்தான் நிக்குது, ஆளக் காணல்லயே. நீங்க ஆரு?"

குருமடத்தில் படித்த ஒன்றும் அப்போது உதவிக்கு வரவில்லை. திறப்புக் கோவையைத் தூக்கிக் காட்டினேன். "இவ்வளவு பேரும் என்ன நம்பி விட்டிட்டுப் போயிருக்காங்க. நான் விடமாட்டன்."

குரல் உறுதியாக வந்தது. அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வேனைப் பின்னுக்கு எடுத்து, வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார்.

வீதியோர மதகுக் கட்டில் போய் உட்கார்ந்தேன். பள்ளியில் தொழுகை தொடங்கிவிட்டது. அப்போது கெத்சமனித் தோட்டம் நினைவுக்கு வந்தது. ஆண்டவர் இயேசு, தாம் பிடிபட இருந்த அந்தக் கஷ்டமான இரவில், நண்பர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். பிரசங்கம் செய்யச் சொல்லவில்லை, பூசை வைக்கச் சொல்லவில்லை. தாம் செபித்துவிட்டு வரும்வரை விழித்திருக்கத்தான் சொன்னார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். என்னை ஏன் பீடத்துக்கு எடுக்கவில்லை என்று இத்தனை வருஷமாக அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். மற்றவர் செபிக்கும்போது விழித்திருக்கவும் ஒருவன் வேண்டும் என்றுதானே அவர் கேட்டார்? அன்றைக்கு அவருக்கே அப்படி ஓர் ஆள் கிடைக்கவில்லையே! கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. துக்கத்தில் இல்லை. மனம் நிறைந்துபோய்த்தான்.

தொழுதுவிட்டு வந்த காக்கா என் முகத்தைப் பார்த்தார். "என்ன தம்பி, அழுதீங்களா?"

"வெயில், காக்கா."

அவர் நம்பவில்லை, துருவவும் இல்லை. "உங்களுக்கும் சேத்துத்தான் துஆ கேட்டன்" என்றார்.

"நானும் உங்க எல்லாருக்கும் கேட்டன், காக்கா" என்றேன். கழுத்திலிருந்த திறப்புக் கோவையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

பின்னேரம் பவுசர் வந்தது. பாலமுனைக்காரரை முன்னால் விட்டோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் மனைவி சிரித்தாள். "மோட்சத்துத் திறப்ப வாங்கின இராயப்பருக்கும் இவ்வளவு திறப்புக் குடுத்திருக்கமாட்டாரு ஆண்டவர்!"

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக மட்டக்களப்புக்குப் போனோம். கூட்டாளிகள் எல்லாரும் வெள்ளை உடுப்பில் பீடத்தைச் சுற்றி நின்றார்கள். நெஞ்சுக்குள் அந்தப் பழைய வலி வந்துதான் பார்த்தது. பூசை முடிந்ததும் ஒருவர் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "என்னடா செய்றாய் இப்ப?" என்றார். எப்போதும் பேச்சை மாற்றுகிறவன் நான்; அன்றைக்கு மாற்றவில்லை.

"ஓட்டோ ஓடுறன் ஃபாதர். ஆக்கள் தொழப் போனா வாகனமும் பாப்பன்" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சுவாமியாக வேண்டும் என்ற ஆசை இன்றைக்கும் என்னோடு இருக்கிறது, இனி அது நிறைவேறாது என்பதும் தெரியும். ஆனால் ஆண்டவர் எனக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார் என்று அந்த வெயிலில் விளங்கிய நாளிலிருந்து, அந்த ஆசையை வைத்துக்கொண்டே என்னால் சந்தோஷமாக வாழ முடிகிறது.