சுகந்தியை நான் காப்பாற்றவில்லை

என் மனைவியை நான் தண்ணீருக்குள் அமுக்கினேன். நான் மூச்சு விடவேண்டும் என்பதற்காக, அவள் தலையில் கைவைத்து அமுக்கினேன்.

ஊர் சொல்லும் கதை வேறு. ரொறன்ரோவில் எங்களைத் தெரிந்த யாரைக் கேட்டாலும், ஏரியில் கனூ என்னும் சிறு துடுப்புப் படகு கவிழ்ந்தபோது மனைவியைக் காப்பாற்றியவன் என்றுதான் என்னைச் சொல்வார்கள். பிறந்தநாள் விழாக்களில் சுகந்தியே சொல்வாள். "இவர் இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லை, அன்ரி." நான் தலையைக் குனிந்துகொண்டு ரோல்ஸ் தின்பேன். அதற்குத் தன்னடக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

நீங்களாவது உண்மையைக் கேளுங்கள். கேட்டுவிட்டு என்னைக் காறித் துப்பினாலும் சரி.

நான் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்குடாவில் பிறந்தவன். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். ஆனால் எனக்கு நீந்தத் தெரியாது. கடலுக்குப் போன மாமா திரும்பி வராததிலிருந்து, அம்மா எங்களைக் கால் நனைக்கக்கூட விட்டதில்லை. இதைச் சொல்வதில் என்ன வெட்கம்? ஒன்றுமில்லை... ஆனாலும் நான் சொல்லவில்லை. ரொறன்ரோவுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் மாடிக் கட்டடத்தில் குடியிருந்த நாட்களில் யாழ்ப்பாணத்து நண்பர்கள் என்னைக் "கடலோடி" என்று அழைத்தார்கள். அந்தப் பட்டம் எனக்கு இனித்தது. கடலடிவரை சுழியோடி மீன் பிடித்ததாகக்கூட ஒரு கதை அவிழ்த்துவிட்டேன். வாய் பிளந்து கேட்டவர்களில் சுகந்தியும் ஒருத்தி. அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

கல்யாணமாகி, மகளும் பிறந்த பிறகு வந்த ஒரு கோடையில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வடக்கே ஒரு மாகாணப் பூங்காவுக்குக் காம்பிங் போனோம். எங்கள் ஆட்களின் காம்பிங்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் உள்ள இடமாகப் பார்த்துத்தான் பதிவு செய்வோம். ரைஸ் குக்கரைச் செருக வேண்டுமே! ஆட்டிறைச்சிக் கறி முதல்நாளே வீட்டில் காய்ச்சப்பட்டு, சட்டியோடு வாகனத்தில் ஏறிவிடும். கூடாரம் அடிப்பதற்கு ஆளாளுக்குக் கட்டளையிட்டோம், யாரும் கயிற்றைப் பிடிக்கவில்லை. நுளம்பு எங்களைப் பிய்த்துத் தின்றது. சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

மறுநாள் காலை சுகந்தியின் அண்ணன் ரமணன் ஒரு கனூவை வாடகைக்கு எடுத்து வந்தான்.

"எங்கட கடலோடி ஒரு ரவுண்ட் அடிச்சுக் காட்டட்டும்!" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

சுகந்தி பின்வாங்கினாள். "இஞ்சாருங்கோ, எனக்குத் தண்ணியெண்டாப் பயம்."

"நான் இருக்கிறன் தானே" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல்? முழங்காலளவுத் தண்ணீரில் நின்றாலே நெஞ்சு படபடக்கும் எனக்கு! அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். மச்சான், எனக்கு நீந்தத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால், இரண்டு நாள் பகிடி பண்ணியிருப்பார்கள். அவ்வளவுதான். அந்த இரண்டு நாள் பகிடிக்குப் பயந்து என் பெண்சாதியைத் தண்ணீருக்கு அழைத்துப்போனேன்.

அவள் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிப் பூட்டிக்கொண்டாள். எனக்குத் தந்தது என் வண்டி வயிற்றைச் சுற்றி வரவில்லை. அதை மடித்து, பலகையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தேன். கைக்குழந்தையாக இருந்த எங்கள் மகள் ஆரணி, ரமணனின் மனைவியின் மடியில் இருந்தாள். அவளுக்கு டாட்டா காட்டிவிட்டுப் புறப்பட்டோம்.

ஒரு பாறை முனையைத் தாண்டியதும் கரையில் நின்றவர்கள் மறைந்துபோனார்கள். சுகந்தி திரும்பிச் சிரித்தாள். "இப்ப பயமெல்லாம் போயிட்டுது... என்னை ஒரு படம் எடுங்கோ."

நான் எழுந்து நின்றேன். எழுந்து நிற்கவே கூடாது என்று கனூவை வாடகைக்குத் தந்த பிள்ளை கரையில் வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது. அதெல்லாம் மற்றவர்களுக்கு, கடலோடிக்கு இல்லை என்று நினைத்தேன்.

கவிழ்ந்தது.

அந்தக் குளிரை எப்படிச் சொல்வேன்! வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கால் தேடியது, நிலமில்லை. பக்கத்தில் சுகந்தி மிதந்தாள். நான் அவள் கழுத்தைக் கட்டிப்பிடித்தேன்.

அவள் என்னைவிட நிதானமாக இருந்தாள். தண்ணீருக்குப் பயந்தவள்! "என்னை விடுங்கோ! கனூவைப் பிடியுங்கோ, கனூ பக்கத்தில இருக்கு!" என்றாள்.

எனக்குக் கேட்டது... இதுதான் இத்தனை ஆண்டுகளாக நான் விழுங்கி வைத்திருப்பது. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. கவிழ்ந்த கனூ கையெட்டும் தூரத்தில் மிதந்ததும் தெரிந்தது. ஆனால் அதைப் பிடிக்க, அவளை ஒரு கணம் விடவேண்டும். நான் விடவில்லை. அவள் தோளில் முழங்காலை வைத்து ஏறினேன். தலையைப் பிடித்து அமுக்கினேன். அவள் விரல்கள் என் கையைப் பிராண்டின. இன்னும் அமுக்கினேன். பிறகு அந்த விரல்கள் பிராண்டுவதை நிறுத்தின.

நான் காற்றை இழுத்தேன். ஐயோ... அந்த மூச்சு எவ்வளவு நன்றாக இருந்தது!

கயாக் படகில் வந்த வயதான வெள்ளைக்காரத் தம்பதி எங்களைக் கண்டு, கரைசேர்த்தார்கள். பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு, நான் அவளைத் தாங்கிப் பிடித்திருப்பதாகத் தெரிந்திருக்கிறது. கரையில் சுகந்தி தண்ணீராகக் கக்கி, நீலம் பாய்ந்த முகத்தோடு கண் திறந்தபோது, அந்தக் கிழவி எல்லோருக்கும் அதைத்தான் சொன்னாள். ரமணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். என்ன பொருத்தம்!

தலை தண்ணீருக்குள் போனதன்பின் எதுவும் ஞாபகமில்லை என்கிறாள் சுகந்தி. அதற்கு முன்னால் நடந்தது? "விடுங்கோ" என்று கத்தியது? ஒருநாளும் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் கேட்டதுமில்லை.

பிறகு ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் வீடு வாங்கி வந்ததும், ஓவர்ரைம் வேலை என்று பொய் சொல்லிவிட்டு ஒரு நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். மூழ்குகிறவன் எதையும் பற்றுவான், அது அவன் குற்றமல்ல என்று பயிற்சியாளன் ஒருநாள் சொன்னான். எனக்குச் சொன்னதுபோல் இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். நீந்தவும் பழகிவிட்டேன். பயம்தான் என்னை அப்படிச் செய்யவைத்தது, பயம் போனால் அந்த மனிதனும் போய்விடுவான் என்று நம்பினேன்... நம்ப ஆசைப்பட்டேன்.

போன கோடையில் வேறொரு பூங்காவுக்குப் போனோம். மணற்கரை, ஆழமில்லாத தண்ணீர். இடுப்பளவில் நின்றுகொண்டு ரமணனோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்ட ஆரணி சத்தமில்லாமல் பின்னால் வந்து, பாய்ந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

என் கால் நிலத்தில் இருந்தது. எனக்கு நீந்தத் தெரியும். ஆபத்து என்று ஒன்றுமே இல்லை! அப்படியிருந்தும் என் கைகள் அந்தப் பிஞ்சுக் கைகளைப் பிடுங்கி, அவளைத் தூக்கி எறிந்தன.

மூழ்கிப் போனாள். நான் அசையவில்லை. என் பிள்ளையை எடுக்க நான் ஓர் அடிகூட வைக்கவில்லை.

அவளாகவே எழுந்தாள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய என்னைப் பார்த்தாள். பிறகு கலகலவென்று சிரித்தாள்.

"அப்பா, அகெய்ன்! அகெய்ன்!"

கரையில் வத்தகப்பழம் வெட்டிக்கொண்டிருந்த சுகந்தி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். ரமணனும் சிரித்தான்.

நானும் சிரித்தேன். மகளைத் தூக்கி, இன்னொரு தடவை எறிந்தேன்.