தூக்குக்குண்டோடு நெய்யாற்றின்கரைக்கு

பாறசாலையில் காலை எட்டேகாலுக்குப் பஸ் ஏறினேன். நெய்யாற்றின்கரை பதினொரு கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் பதினெட்டு ரூபாய். இந்தச் சின்னத் தூரத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு வருடமாக நான் தனியாகப் பஸ் ஏறியதில்லை.

எனக்கு வந்திருப்பது மைக்ரேனில் ஒரு வகை. தலை வலிக்காத நாளிலும் தரை சாயும், சுவர் நகரும். ஒரேயடியாகப் போகாது, மாத்திரையாலும் ஒழுங்கான தூக்கத்தாலும் குறைத்துக்கொண்டு வாழலாம் என்று டாக்டர் சொன்னார். நான் கொத்தனார். சாரத்தில் நிற்க முடியாத கொத்தனாரை யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் மேஸ்திரி ராஜையன், நெய்யாற்றின்கரையை ஒட்டிய அதியன்னூரில் ஒரு வீட்டு வேலையில், தரையில் நின்று செய்கிற பணி தருகிறேன் என்றார்.

"பத்து மணிக்குள்ள தனியா வந்து சேரணும். பெண்டாட்டி கையப் பிடிச்சிட்டு வந்தா வேலை இல்ல, கேட்டியா?"

என் மனைவி லீலா நிறுத்தம் வரை வந்தாள். "நானும் வாறேன். பின்னால இருந்தா அவருக்கு என்ன தெரியும்?" என்றாள். வேண்டாம் என்றேன்.

உதியன்குளங்கரை வரை, டாக்டர் சொன்னபடி தூரத்தில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மர நிழலும் வெயிலும் மாறி மாறி முகத்தில் அடித்தன. பஸ் கவிழ்வது போலிருந்தது. பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தேன். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் தொங்கவிடுகிற குண்டு அது. வீட்டில் தலை சுற்றும்போது அதை ஆணியில் மாட்டி நூலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஓடுகிற பஸ்ஸில் அது ஆடும் என்று ஒரு கொத்தனாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது ஆடியது, அதோடு எல்லாம் ஆடியது. பிளாஸ்டிக் கவரில் வாந்தி எடுத்தேன். சட்டையிலும் பட்டது.

"காலத்தே அடிச்சாச்சா, சேட்டா?" என்றார் கண்டக்டர், காலையிலேயே குடித்தவன் என்று நினைத்து.

"குண்டு வச்சு அளந்து குடிச்சிருக்கு," என்றது பின்னால் ஒரு குரல். சிரித்தார்கள். நான் குடிப்பதில்லை. வழியிலேயே, அமரவிளையில் இறங்கிவிட்டேன்.

மணி எட்டு ஐம்பது. ஒரு டீக்கடையின் பக்கச் சுவரோரம் உட்கார்ந்தேன். லீலாவை அழைத்தால் உடனே வந்துவிடுவாள், வேலை போய்விடும். போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ஆட்டோ விளிக்கட்டா? பாறசாலைக்கு இருநூறு கேப்பான்."

தலையாட்டி மறுத்தேன். சுவரில் ஓர் ஆணி இருந்தது. குண்டை மாட்டினேன். அது நின்ற பிறகும் சுவர் நகர்ந்தது. நெடுநேரம் கழித்துச் சுவரும் நின்றது. ஆனால் நூலோடு ஒத்து நிற்கவில்லை. கண்ணை மூடித் திறந்தேன். அப்படியேதான் இருந்தது. என் நோய்ச் சாய்வு ஒவ்வொரு தடவையும் மாறும், இது மாறவில்லை. விரலை வைத்து அளந்தேன்.

"என்ன பாக்குதீரு?"

"அண்ணே, செவரு அரை இஞ்சு வெளிய தள்ளி நிக்குது."

"நிக்க முடியாத ஆளு எனக்க செவரைக் குத்தம் சொல்லுதீராக்கும்," என்றவர் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "உள்ளதுதான். கெட்டினது எனக்க மச்சினன். விழுமா?"

"விழாது. பூச்சுல கொஞ்சம் கனம் கூட்டினா போதும்."

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, சாய்ந்திருந்தது நான் அல்ல.

ஒன்பது நாற்பதுக்கு அடுத்த பஸ். குண்டைப் பையிலேயே வைத்தேன். நெய்யாற்றுப் பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். வேலையிடத்தை அடைந்தபோது பத்தேகால்.

ராஜையன் கடிகாரத்தைப் பார்த்தார். "லேட்டு. சட்டையில என்ன?"

"வாந்தி."

"நாளைக்கும் எடுப்பியா?"

"எடுப்பேன். எடுத்தாலும் வாறேன்."

அவர் சிரிக்கவில்லை. செங்கல் நனைக்கச் சொன்னார். குனிந்து நிமிர்கிற வேலை அது. மணல் குவியலோரம் இரண்டு தடவை படுத்தேன். இரண்டாம் தடவை அவர் பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலை ஆறரைக்கு வீடு. வீட்டுச் சுவர் நான் கட்டியதுதான். நூல் பிடித்துப் பார்த்தேன், நேராக நிற்கிறது. படுத்ததும் அது நகரத் தொடங்கியது. எழுந்து பையில் பிளாஸ்டிக் கவர்கள் வைத்தேன். நாளைக்குப் போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று.