பத்து ரப்பர் கொட்டைகள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இந்த வயதிலும் அப்படித்தான். பத்தொன்பது வயதில், மலாயாவில் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தபோது எப்படி இருந்திருப்பேன் என்று கேட்கவே வேண்டாம்.

அது அவசரகாலம். காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று பக்கத்துத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்து, அந்தக் குடும்பங்களையும் எங்கள் முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பெரியவர்கள் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டார்கள். பிள்ளைகள் அந்தச் சண்டையை அப்படியே என் மூன்றாம் வகுப்புக்குத் தூக்கிவந்தார்கள். எங்கள் பழைய தோட்டத்துப் பிள்ளையின் சிலேட்டுக் குச்சி உருண்டு காலடியில் விழுந்தால்கூட, புதுத் தோட்டத்துப் பிள்ளை எடுத்துத் தராது.

கத்திப் பார்த்தேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில் ஒரு கணக்கு விளையாட்டை உண்டாக்கினேன். நான்கு பேர் ஒரு குழு, இரண்டு தோட்டத்திலிருந்தும் இரண்டிரண்டு பேர். மூன்று, ஐந்து, ஆறு, பத்து என்று ஆளுக்கொரு விதமாக ரப்பர் கொட்டைகளைத் தருவேன். முடிவில் நால்வர் கையிலும் ஒரே எண்ணிக்கை இருக்கவேண்டும். வாய் திறக்கக்கூடாது, கேட்டு வாங்கக்கூடாது. அதிகம் வைத்திருப்பவர் தானாகப் பார்த்து, குறைவாக இருப்பவர் கையில் கொடுக்கவேண்டும். நான்கு பேரும் ஜெயித்தால்தான் ஜெயம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மற்ற குழுக்கள் முறைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் எப்படியோ முடித்துவிட்டன. ஒரு குழு மட்டும் அசையவில்லை. புதுத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, தன் பத்துக் கொட்டைகளையும் இரண்டு கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கொடு என்றேன். தலையை ஆட்டினாள். மூன்றாம் முறை சொன்னபோது என் கையிலிருந்த அடிக்கோல் அவள் விரல்களின் மேல் விழுந்தது. அவள் அழவில்லை. கொட்டைகளையும் விடவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. பிடிவாதக்காரி, நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாளும் அந்த இடம் காலியாக இருந்தது. பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஈரக் கையோடு எழுந்து நின்றார்.

"அவமேல தப்பில்ல டீச்சரம்மா. நான்தான் சொல்லி வச்சிருக்கேன்லா. போன மாசம் கூட வெட்டுற பொம்பள புள்ளத்தாச்சி, பசி தாங்கமாட்டா. ஒரு கை சோத்த மடியில கட்டிக்கிட்டுப் போயி, வேலி கேட்டத் தாண்டி அவ கையில குடுத்தேன். சோதனை போடுற போலீஸ்காரங்க பாத்துட்டாங்க. யாருக்கு அனுப்புற, யாருக்கு அனுப்புறன்னு ரெண்டு நாளு ஸ்டேஷன்ல வச்சிருந்தாங்க. இவ அந்த வேலி கேட்டு பக்கத்துலயே நின்னு அழுதிருக்கா. வந்ததும் சொன்னேன், இனிமே யாரு கையிலயும் எதையும் குடுக்காத, வாங்காதன்னு. இப்ப பள்ளிக்கூடமே வேணாங்கிறா."

எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்றவளிடமும் சொன்னேன். நாளைக்கு வா, யாருக்கும் எதுவும் கொடுக்கவேண்டாம் என்றேன்.

"குடுக்காட்டி கணக்கு எப்படி டீச்சர் வரும்?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எனக்குத் தெரியலம்மா. நீ வந்து சொல்லு."

வந்தாள். அதே குழுவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கொட்டைகளையே பார்த்தாள். வாய் திறக்கக்கூடாது என்ற என் சட்டத்தை மீறி, "கேட்டுல வைக்கிற மாதிரி எல்லாரும் மேசையில வைங்க. யாரும் யாருக்கும் குடுக்கவேணாம்" என்றாள்.

தினமும் காலையில் சோதனைக்காக அவர்களுடைய அம்மாக்கள் பையையும் துணிமூட்டையையும் கேட்டில் ஒரு மேசைமேல் வைப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நால்வரும் கொட்டினார்கள். இருபத்துநான்கு. ஆளுக்கு ஒவ்வொன்றாக, மேசை காலியாகும்வரை மாறி மாறி எடுத்தார்கள். ஆளுக்கு ஆறு. பழைய தோட்டத்துச் சிறுமி எழுந்து, "முடிஞ்சிருச்சி டீச்சர், நாங்களும் ஜெயிச்சிட்டோம்!" என்று கத்தினாள்.

அன்றிலிருந்து அதுதான் விளையாட்டின் சட்டம். பெயர்கூட 'கேட்டு மேசை' என்றே ஆகிவிட்டது. ஒரே மேசையைச் சுற்றி இரண்டு தோட்டமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். வகுத்தலை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதற்குள் வகுப்பே அதைப் படித்து முடித்திருந்தது. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

ஆண்டு முடிவில் எனக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் எல்லாரும் போகும்வரை அவள் வாசலில் நின்றாள். பிறகு கிட்டே வந்து என் கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கையில் ஒரு ரப்பர் கொட்டையை வைத்து, என் விரல்களை மூடினாள்.

"அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் குடுக்குறேன் டீச்சர்."

நான் அடித்த விரல்கள் அவை. டீச்சர் என்பதையும் மறந்து, அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன்.