மங்களம் அக்கா நடந்ததால் சாகவில்லை

செய்தி என் கடைக்கு வந்தபோது நான் வளையல் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கன்வாடியில் வேலை பார்க்கும் செல்வி, ஸ்கூட்டிக்கு ஸ்டாண்டு கூடப் போடாமல் படியில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். “அக்கா, மங்களம் அக்கா போயிட்டாங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து தலையில அடியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்” என்றாள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. அந்தக் குளியலறை எனக்குத் தெரியும். சென்னையில் இன்ஜினியராக இருக்கும் மகன் ரவி, நன்றாக இருந்த சொரசொரப்பான சிமென்டுத் தரையைப் பெயர்த்துவிட்டு, குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி ஒரு டைல்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். அம்மா வசதியாக இருக்க வேண்டுமாம். அன்றிலிருந்து அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளிக்கப் போனார்.

பாபநாசத்தில் அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முக்கியமாக, படத்திறப்பு அன்று முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர்களுக்காக. புறவழிச் சாலையில் உள்ள கல்யாண மண்டபத்தில் ஏ.சி. போட்டு, மாலை போட்டு, மைக் வைத்து நடந்தது. ரவி பேசினார். “ரிட்டயர் ஆனப்புறம் அம்மா ரெஸ்ட் எடுத்திருந்தா இன்னும் பல வருஷம் இருந்திருப்பாங்க. வெயில்லயும் சேத்துலயும் ஊர் ஊரா அலைஞ்சு உடம்பைக் கெடுத்துக்கிட்டாங்க. இங்க வந்திருக்கற அம்மாக்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். தயவுசெஞ்சு வீட்ல இருங்க.” தரை வழுக்கி இறந்தவரைப் பற்றி, அந்தத் தரையைப் போட்டவர் பேசுகிறார். கூட்டத்தில் ஒருவராவது முகத்தைச் சுளிப்பார் என்று பார்த்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். செல்வியின் கணவர் முருகேசன் ஆட்டிய ஆட்டில் கழுத்து சுளுக்கியிருக்கும்.

நானும் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று கேட்டேன். சாப்பாடு பரிமாறத் தொடங்கிவிட்டார்கள், நேரமில்லை என்றார்கள். மங்களம் அக்காவைப் பற்றிய உண்மையைவிட சாம்பார் ஆறிவிடுவது பெரிய நஷ்டம் போலும். அதன் பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவோடு வாய்க்கால் கரைகளில் நடக்கும் எங்கள் கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருத்திக்கு முட்டி வலி, ஒருத்திக்குப் பேரனின் பரீட்சை. செல்வி மட்டும் பொய் சொல்லவில்லை. “அவரு போகக்கூடாதுன்னுட்டாரு அக்கா. நடந்துதானே அந்தம்மா செத்துச்சுங்கறாரு” என்றாள். ஒரு மனுஷியின் சாவை எடுத்து மற்றப் பெண்களின் வீட்டுக்கு வெளியே பூட்டாக மாட்டிவிட்டார்கள். அதனால் நாங்கள் நடந்த கதையை நானே சொல்லியாக வேண்டியிருக்கிறது.

அது தொடங்கியது என் கடையில்தான். பாசனப் பிரிவு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற புதிதில், ஊக்கு வாங்க வந்த அக்கா, “நூர்ஜஹான், உங்களுக்கு நடக்க வருமா?” என்று கேட்டார். கால் இருக்கிறது, வரும் என்றேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். வேலை பார்த்த காலமெல்லாம் அவர் வாய்க்கால்களின் பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறார். தண்ணீர் நுழையும் தலைப்பு எங்கே, கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை எங்கே, எந்த மதகு பழுது என்றெல்லாம் வருஷாவருஷம் தட்டியிருக்கிறார். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. “நான் தட்டினதெல்லாம் நெஜமாவே இருக்கான்னு ஒருவாட்டி பாத்துடணும்” என்றார். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்று ஆகிவிட்டிருந்தது. பஸ் ஏறி வாய்க்கால் பிரியும் இடத்தில் இறங்குவது, தண்ணீர் போகிற பக்கமாகக் கரையிலேயே நடப்பது, கடைசியில் எந்த ஊர் வருகிறதோ அங்கிருந்து வேறு பஸ்ஸில் திரும்புவது. திட்டம் அவ்வளவுதான். கையில் தயிர்சாதம், மாவடு, தண்ணீர் பாட்டில்.

ஓசியில் போவதைப் பற்றி ஒரு கண்டக்டருக்கு எங்களைவிட வருத்தம் அதிகம். குடவாசல் போகும் பஸ்ஸில் அக்கா, செல்வி, நான் மூவரையும் பார்த்ததும், “ஓசின்னா கெளம்பிடுவீங்களே, வீட்ல சோறாக்க ஆளில்லையா?” என்று எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னார். எனக்குச் சுரீர் என்றது. வாயைத் திறந்துவிட்டேன். அக்கா என் கையை அமுக்கினார். அந்த ஆள் பேசி முடிக்கும்வரை, குழந்தை பாட்டுப் பாடி முடிக்கட்டும் என்று காத்திருப்பவர் போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், “ஆயிடுச்சா? மூணு டிக்கெட் குடுங்க” என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டருக்கு முகம் செத்துவிட்டது. இறங்கியபின் அக்கா என்னிடம் சொன்னார்: “இவங்களுக்கெல்லாம் பதில் சொன்னா நம்மளும் அவங்களும் ஒரே பெஞ்சுல உக்காந்த மாதிரி ஆயிடும்.”

படத்திறப்பு நடந்த அந்தக் கல்யாண மண்டபத்துக்கும் நாங்கள் முன்பே போயிருக்கிறோம், விருந்துக்கு அல்ல. பெரிய வாய்க்காலிலிருந்து பிரியும் ஒரு பிள்ளை வாய்க்காலைத் தேடி அக்கா எங்களை அழைத்து வந்தார். ரோட்டோரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தோம். வாய்க்கால் இருக்க வேண்டிய இடத்தில் கார் நிறுத்துமிடம் இருந்தது. வாட்ச்மேனிடம் கேட்டால், “வாய்க்காலா? நான் வந்ததுலேருந்து மண்டபந்தான்” என்றார். அக்கா நம்பவில்லை. “நல்ல நிலையில் உள்ளதுன்னு நான் வருஷாவருஷம் தட்டியிருக்கேன்” என்று வெயிலில் நின்று வாதாடினார். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரிகள் ஒருவராவது இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்பது புரிய அவருக்குக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. வாட்ச்மேன் பயந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். “நூரு, இல்லாத வாய்க்காலுக்கு நான் எழுத்துப்பிழை திருத்தியிருக்கேன்” என்றார். அந்த அதிகாரிகளில் இருவர் படத்திறப்பில் மேடையில் இருந்தார்கள். அக்காவின் கடமையுணர்ச்சியைப் புகழ்ந்தார்கள்.

அக்கா எல்லாம் தெரிந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு முறை நடவுக்கு முன் புதிதாக மண் அணைத்த வரப்பில் ஷூ போட்டுக்கொண்டு ஏறினார். எங்களையும் ஏறச் சொன்னார். ஈரமண் பொத்தென்று சரிந்தது. மேல் வயலின் தண்ணீர் கீழ் வயலுக்கு ஓடியது. வேலையாக இருந்த ஒரு பெண் ஓடிவந்து, “கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு?” என்று கத்தினாள். அக்கா அவசரமாகச் சொன்னார்: “கோச்சுக்காதம்மா. எங்க தாத்தா காலத்துல இந்தப் பக்கமெல்லாம் எங்க நிலந்தான்.” அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “அப்ப ஒங்க தாத்தாவையே வந்து அணைச்சுட்டுப் போவச் சொல்லுங்க” என்றாள். நானும் செல்வியும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டோம். அக்கா ஷூவைக் கழற்றி எங்கள் பக்கம் எறிந்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அவர் அணைத்த மண் இரண்டு தரம் சரிந்தது. கடைசியில் அந்தப் பெண்தான் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுத் தானே அடைத்தாள். அதற்குப் பிறகு யாராவது சொந்தக்காரர்கள் தாத்தா நிலத்தைப் பற்றி ஆரம்பித்தால், “அவரு வரப்பு அணைப்பாரா?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

அன்று மத்தியானம் ஒரு பூவரசு நிழலில் உட்கார்ந்தோம். எங்கே போனாலும் நான் தொழுவதற்குச் சுத்தமான நிழலாகப் பார்த்து அவர்தான் இடம் தேர்ந்தெடுப்பார். பசி தாங்காதவர். ஆனாலும் நான் தொழுது முடிக்கும்வரை டப்பாவைத் திறக்க மாட்டார், செல்வியையும் திறக்க விட மாட்டார். அன்றும் சேறு காய்ந்த காலோடு காத்திருந்தார். வயலில் நாரைகள் இறங்கியிருந்தன. “இதைப் பாக்காம நான் செத்திருந்தேன்னா எவ்வளவு அசிங்கம்” என்றார். அவர் பரிகாசம் இல்லாமல் பேசிக் கேட்டது அபூர்வம்.

மலைக்குப் போய்வருகிறவர்கள் மேல் அவருக்கு இளக்காரம் உண்டு. அவர்கள் தெருவில் ஒரு குடும்பம் வேன் பிடித்துக் கொடைக்கானல் போய்வந்து ஒரு வாரம் பீற்றிக்கொண்டது. அக்கா மிகவும் மரியாதையாக, “என்ன பாத்தீங்க?” என்று கேட்டார். “ஒரே பனி மேடம், ஒண்ணும் தெரியல. சூடா நூடுல்ஸ் சாப்ட்டோம்” என்றார்கள். “இங்கயே அடுப்படியில புகை போட்டுட்டு சாப்ட்டிருக்கலாமே” என்றார். கோடையில் கும்பலாக மலையேறி, மூச்சிரைத்து, படம் எடுத்துக்கொண்டு இறங்குவதற்குச் செலவழிப்பவர்கள், வீட்டுப் பக்கத்தில் ஓடும் குடமுருட்டியின் கரையில் ஒரு ஃபர்லாங் நடந்தவர்களாக இருக்க மாட்டார்கள். கேட்டால், அங்கே என்ன இருக்கிறது என்பார்கள். அங்கே மீன்கொத்தி இருக்கிறது, நாணல் இருக்கிறது, நீங்கள் கொட்டிய குப்பையும் இருக்கிறது.

ரவி இந்த நடையை நிறுத்த வெகுநாள் முயன்றார். நேரில் சொன்னார், போனில் சொன்னார். பிறகு, வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும் என்று ஒரு டிரெட்மில் வாங்கி அனுப்பினார். அக்கா அதன் மேல் அரிசி மூட்டையை வைத்தார். வீடியோ காலில் மகன், “யூஸ் பண்றீங்களாம்மா?” என்று கேட்க, “டெய்லி” என்றார். என்னிடமும் ரவி ஒரு முறை, “ஆன்ட்டி, நீங்கதான் அவங்களை இழுத்துட்டுப் போறீங்க, ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?” என்றார். இப்போது ஆகிவிட்டது. பொறுப்பு யார் என்று நான் கேட்கவில்லை. தாயை இழந்தவரிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் அந்தப் பழியைத் தூக்கி வாய்க்கால் கரையில் போட்டுவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறலாம் என்று நினைத்தால், அதற்கு நான் இடம் கொடுக்கப் போவதில்லை. எழுதி வைக்கிறேன்: சேற்றிலும் மழையிலும் நடந்த எந்த ஞாயிற்றுக்கிழமையும் மங்களம் அக்கா விழவில்லை. அவர் விழுந்தது வீட்டில் இருக்கும்போது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். முந்தின நாள் எல்லாருக்கும் போன் செய்திருந்தேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். தனியாகவாவது போவது என்று தயிர்சாதம் கட்டிக்கொண்டு நின்றேன். தனியாக ஆற்றங்கரையில் நடக்க எனக்குப் பயம்தான், அதை மறைக்கவில்லை. மயிலாடுதுறைக்குப் போகிறவர்களும் தஞ்சாவூருக்குப் போகிறவர்களும் என்னைத் தாண்டிப் போனார்கள். திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது முருகேசனின் பைக் வந்து நின்றது. பின்னால் செல்வி, தோளில் பையோடு. கண் வீங்கியிருந்தது.

முருகேசன் இறங்காமலேயே என்னைப் பார்த்து, “ஒரே அழுகை. சரி, போய்த் தொலைன்னு கூட்டியாந்தேன். பாத்துக்குங்க. கடைசியில அந்த மங்களம் அம்மா மாதிரி ஆயிடப் போவுது” என்றார்.

பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பழையபடி சுரீர் என்றது. ஆனால் வாய் தானாகத் திறக்கவில்லை. அவர் முழுசாகச் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் இன்னும் என்னவோ சேர்க்கப் பார்த்து, முடியாமல், ஹாரனைத் தடவினார்.

“ஆயிடுச்சா தம்பி?” என்றேன். “அந்தம்மா மாதிரி ஆகணும்னுதான் போறோம்.”

செல்வி அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். மங்களம் அக்காவிடமிருந்து எனக்குப் புடவை வரவில்லை, போட்டோ வரவில்லை. எனக்கென்று மிஞ்சியிருப்பது அவருடைய அந்த அலட்சியம். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், வேண்டியவர்களுக்குக் கொடுக்கவும் செய்வேன். பஸ் வந்தது. செல்வி முதலில் ஏறி எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டாள்.