கொண்டைக்குப் போன காப்பி

போன வாரம், விடியற்காலையில், ஒரு வாசனை என்னைத் தட்டி எழுப்பியது. மல்லிகை இல்லை. முல்லையும் இல்லை. அதைவிட இளசாய், ஈரமாய்... மூன்று வருஷத்துக்கு முன் ஏற்காட்டுப் பனியில் முகர்ந்த வாசனை!

என் காப்பிச் செடி பூத்துவிட்டது. அதுவும் எங்கே? ஆலங்குடியில்!

ஏற்காட்டில் கன்றைக் கொடுத்த தோட்டத்துக் குமாஸ்தா அன்றைக்கே சிரித்தார். "குளிர்ல வளர்ற ஜாதிங்க இது. ஒங்க ஊரு வெயிலுக்கு ஒரு வாரம் தாங்காது."

விட்டேனா? கிணற்றடியில், பலா மர நிழலில் நட்டேன். சுற்றிலும் சாக்குக் கட்டி, கோடையில் நாளைக்கு நாலு தரம் நனைத்தேன். "என்னங்க, செடிக்குக் காய்ச்சலா?" என்று கேட்காத தெருக்காரர் இல்லை. கேட்கட்டும்! யுத்தம் வந்ததிலிருந்து காப்பி என்ற பெயரில் வறுத்த புளியங்கொட்டையை அல்லவா குடிக்கிறோம்? பூ பிஞ்சாகி, பிஞ்சு பழமாகி, ஒரே ஒரு நாள் நானும் என் மனைவியும் உண்மையான காப்பி குடிக்க வேண்டும் — அவ்வளவுதான் ஆசை.

கிணற்றடிக்கு ஓடினேன். செடியில் பூ இல்லை. ஒன்றுகூட!

ஆவுடையார்கோவிலிலிருந்து வந்திருந்த என் அக்கா, கூடத்தில் உட்கார்ந்து நாரில் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். சாமி படத்தில் ஒரு சரம். என் மனைவி கொண்டையில் ஒரு சரம்.

"அக்கா! அது காப்பி!"

"போடா. காப்பி கறுப்பா இருக்கும். இது வெள்ளையால்ல இருக்கு?"

நம்மவர்களுக்கு இது என்ன வியாதி? ஒன்று வெள்ளையாய் மணத்தால் போதும் — சாமிக்கு, இல்லாவிட்டால் கொண்டைக்கு! காய்க்கட்டும் என்று நாலு பூவை விட்டுவைக்க மனம் வராதா? கத்தரிப் பூ மணக்காதது நம் சாம்பார் செய்த பாக்கியம்.

"நீயாவது தடுக்கக் கூடாதா?" என்று மனைவியிடம் பாய்ந்தேன்.

"மூணு வருசமா செடிக்குச் சாக்கு நனைச்சீங்களே... என் தலைக்கு ஒரு மொழம் பூ வாங்கியாந்தீங்களா?"

கோபம் மட்டும் மிச்சம். அதையும் அக்காவின் மூட்டையையும் சுமந்துகொண்டு அவளைப் பஸ் ஏற்றப் போனேன்.

கரிப் புகையைக் கக்கிக்கொண்டு பஸ் நகர்ந்தது. அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"கோவிச்சுக்காதடா தம்பி. அடுத்த பங்குனிக்கும் பூக்குமில்ல? ஒரு கடுதாசி போடு... வந்து தொடுத்துத் தாரேன்!"