அனுப்பிய மாதிரிக்கு மட்டும்

என் அக்காவிடம் ஒரு விஷயத்தை நிரூபிப்பதைவிட சுசீந்திரம் தேரைத் தனியாக இழுத்துவிடலாம். அறுபது வயதில் நான் இதைச் சொல்கிறேன் என்றால் எத்தனை முறை முயன்று தோற்றிருப்பேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது நாகர்கோவிலில் ஒரு பரிசோதனைக் கூடத்தில். சித்த மருந்தும் ஆயுர்வேத மருந்தும் தயாரிப்பவர்கள் வாங்குகிற வேர், பட்டை, இலை எல்லாம் அவர்கள் நினைக்கிற செடியுடையதுதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்து போனதுதான் மிச்சம். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் மடியிலிருந்து காய்ந்த வேரை எடுத்து நீட்டி, "இது அமுக்கராதானா, பாத்துச் சொல்லு" என்பார். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட. என் அக்கா மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அக்கா இராஜாக்கமங்கலம் போகும் வழியில் ஒரு வயல்கரை ஊரில் இருக்கிறாள். அத்தான் பள்ளிக்கூட குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவுக்கு மூட்டுவலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றை எரித்தது என்று பாதியில் விட்டுவிட்டாள். அப்போதுதான் பக்கத்து வீட்டு மதினி ஒரு பச்சை டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். வடசேரியில் சந்தையை ஒட்டிய ஒரு கடையில் கிடைக்கிற பொடி. காலையில் ஒரு ஸ்பூன், வெந்நீரில். புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, உப்பு பேருக்கு.

அந்தப் பத்தியம்தான் என் அக்காவை வளைத்துப்போட்டது. எங்கள் பக்கத்தில் வாயைக் கட்டச் சொல்லாத மருந்தை மருந்தாகவே மதிக்க மாட்டார்கள். இரண்டே வாரத்தில் அக்கா கோயில் படி ஏறினாள். மூன்றாம் மாதம் கன்னம் இரண்டும் உப்பி முகம் வட்டமாயிற்று. தெருவே அதைப் பார்த்து, "ஆளு என்னமா தெளிஞ்சிட்டா" என்றது. பிறகு அந்தத் தெருவில் ஆறேழு வீட்டில் பச்சை டப்பா நுழைந்தது. மாதம் ஒருத்தி முறைவைத்து பஸ் ஏறிப்போய் எல்லாருக்குமாக வாங்கி வருவாள். முறை வந்தவளுக்குக் காலும் நன்றாக இருக்கும், வாயும் நன்றாக இருக்கும். பஸ்ஸிலேயே இரண்டு பேரைச் சேர்த்துவிட்டு வருவாள்.

நானும் சொன்னேன், "நல்லா இருக்கியே அக்கா" என்று. அந்த முகத்தைப் பார்த்து, நான். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

டப்பாவை நான் சந்தேகப்பட்டு எடுக்கவில்லை. அதில் ஒட்டியிருந்த தாள்தான் என்னை உசுப்பிவிட்டது. 'மருந்துவாழ்மலையில் கையால் பறித்த ஐந்து அபூர்வ மூலிகைகள். பக்கவிளைவு அறவே இல்லை.' கல்லூரிப் பிள்ளைகளோடு அந்த மலையில் செடி கணக்கெடுக்கப் போனவள் நான். அந்த ஐந்தில் ஒரு செடியை நாள் முழுக்கத் தேடி இரண்டே இடத்தில்தான் பார்த்தோம். கடைக்காரர் சொல்வது நிஜமென்றால் இந்தத் தெருவுக்கு டப்பா கொடுத்தே மலை மொட்டையாகியிருக்க வேண்டும். என்னதான் அரைத்து வைத்திருக்கிறார்கள் பார்ப்போம் என்று இரண்டு ஸ்பூன் பொடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்தேன்.

மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது முக்கால்வாசியும் முடக்கத்தான் இலை. வேலியில் படர்ந்து கிடக்குமே, தோசையில் அரைத்துப்போடுவோமே, அதே முடக்கத்தான். கூடக் கொஞ்சம் சுக்கு, மீதி ஏதோ மாவு. மலைச் செடி ஒன்றுகூட இல்லை. அதுவரைக்கும் எனக்குச் சிரிப்புதான். மிச்சப் பொடியை ரசாயனப் பிரிவில் இருக்கும் தோழியிடம் கொடுத்தேன். மறுநாள் அவள் சிரிக்காமல் என்னைக் கூப்பிட்டாள். இயந்திரம் வரைந்த தாளில், எந்தச் செடியிலும் வர முடியாத இடத்தில் ஒரு கோடு நெட்டுக்குத்தாக நின்றது. ஸ்டீராய்டு. அக்கா நம்பாத அதே இங்கிலீஷ் மருந்து, அளவும் இல்லாமல் கேள்வியும் இல்லாமல். இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தோம், அதேதான் வந்தது.

எனக்கு முதலில் கோபம் வந்தது முடக்கத்தானுக்காக என்றால் நம்புவீர்களா? அந்தக் கொடி மூட்டுவலிக்குக் கேட்குமா கேட்காதா, எவ்வளவு கொடுத்தால் கேட்கும் என்று ஒழுங்காகச் சோதித்துச் சொல்லலாம். கேட்டால், மலையைச் சுரண்டாமல் வேலியிலிருந்தே ஊருக்கு மருந்து கிடைக்கும். அதற்குள் ஒருவன் ஸ்டீராய்டைக் கலந்து வைத்துவிட்டால் இனி எது வலியைக் குறைத்தது என்று யார் சொல்ல முடியும்? நாட்டு மருந்து எல்லாமே மோசடி என்பவர்களுக்கும் கொண்டாட்டம், நாட்டு மருந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கலாம் என்பவர்களுக்கும் கொண்டாட்டம். நடுவில் நின்று கத்துகிற என்னைப் போன்றவர்களுக்குத் தொண்டை வற்றுவதுதான் லாபம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறிக்கையை அச்சடித்து எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அன்றுதான் புது டப்பாக்கள் வந்திருந்தன. பக்கத்து வீட்டு மதினியும் தெருப் பெண்கள் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினாள். மேலேயிருந்து படிக்கவில்லை, அடியிலிருந்து படித்தாள்.

"இது என்னட்டி கீழ போட்டிருக்கு? 'இம்முடிவு அனுப்பிய மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்'."

"எல்லா ரிப்போர்ட்லயும் அப்பிடித்தான் அக்கா இருக்கும்."

"அப்பம் நீ கொண்டுபோன அந்த டப்பாவுக்கு மட்டும்தானே? அது தீந்து போச்சு. இது புதுசு கேட்டியா."

பெண்கள் சிரித்தார்கள். மதினி சமாதானம் பேசினாள்: "படிச்சவங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு கொற தெரியும். நமக்கு முட்டு மடங்குகு, அது போரும்லா."

அந்த வரியை ஆயிரம் தாளில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நேர்மையான வரி அது. பார்க்காத பொடிக்குச் சாட்சி சொல்ல மாட்டேன் என்பதுதான் அதன் பொருள். அதையே எடுத்து என் மூஞ்சியில் வீசுவாள் என்று யார் கண்டது? எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அக்காவின் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு புறவாசலுக்குப் போய் வாய்க்கால் தண்ணீரில் கொட்டினேன். திரும்பி வந்து, "இன்னையோட நிறுத்து. நீங்க எல்லாரும்தான். இது வெஷம்" என்று கத்தினேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். பிறகு சொன்னாள், "செரி, நிறுத்துகேன். கூடப்பெறந்தவ சொல்லுகால்லா. முட்டு பிடிச்சுக்கிட்டா நீதான் வந்து தூக்கணும், பாத்துக்க." பத்தியத்தை மட்டும் விடவில்லை. அது உடம்புக்கு நல்லதாம். அன்று நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தான் போன் செய்தார். அக்காவுக்கு இரண்டு நாளாக வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், காலையில் அடுக்களையிலேயே விழுந்துவிட்டாள். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. "பயப்படாண்டாம், உப்பு கொறஞ்சிருக்காம், அவ்வளவுதான்" என்றார். உப்பில்லாமல் சாப்பிட்டால் குறையாதா என்றுதான் நானும் நினைத்தேன்.

போய்ப் பார்த்தால் அக்கா கட்டிலில் துணி மாதிரிக் கிடந்தாள். பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏறுகிறது, பிரஷர் மட்டும் ஏறவில்லை. நர்ஸ் வந்து வந்து பார்த்துவிட்டு முகம் சுருங்கிப் போகிறாள். எனக்கு ஏதோ உறைத்தது. அத்தானை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "டாக்டர்ட்ட பொடியச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசு. மூணு தடவ கேட்டாங்க. வேற ஒண்ணும் சாப்பிடல்லன்னு சொல்லியாச்சு. நாட்டு மருந்துன்னு சொன்னா ஏசுவாங்க, பெறவு நோயாளிய மதிக்க மாட்டாங்க."

அத்தானை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊரில் அத்தனை பேரும் இதைத்தான் செய்வார்கள். டாக்டரிடம் பொடியை மறைப்பார்கள், வைத்தியரிடம் மாத்திரையை மறைப்பார்கள். இரண்டும் ஒரே வயிற்றுக்குள்தான் போகிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். நான் கைப்பையிலிருந்து அறிக்கையை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தாளை ஒரு பார்வை பார்த்தாள். அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை.

"எவ்வளவு நாளாச் சாப்பிட்டாங்க?"

"எட்டு மாசம்."

"எப்ப நிறுத்தினாங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"ஒரேயடியாவா? யாரு அப்படி நிறுத்தச் சொன்னது?"

"நான்தான்" என்றேன்.

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசிக்குச் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னாள். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மாதக்கணக்கில் வெளியிலிருந்து கொடுத்தால் உடம்பு அந்த வேலையை விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இன்னும் ஒருநாள் இப்படியே போயிருந்தால் என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நான் படித்தவள்தான். படித்தது செடி. பொடிக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, அது அக்காவின் உடம்புக்குள் என்ன செய்து வைத்திருக்கிறது என்று ஒருவரிடம் கேட்கத் தோன்றவில்லை. உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நானே அவளைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலையில் அக்கா எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாள். குடித்து முடித்ததும் முதல் கேள்வி, "என்ன ஊசிட்டி போட்டாங்க? உயிர் வந்த மாதிரி இருக்கு."

பொய் சொல்லியிருக்கலாம். பொடியில் கலந்திருந்த ஸ்டீராய்டு வகைதான் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பம் அது மருந்துதானே. நீ வாய்க்கால்ல கொட்டுனே, நான் விழுந்தேன். டாக்டரு அதையே போட்டாங்க, நான் எந்திச்சேன். இதுல நான் யார நம்பணும்?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. விளக்கினேன். அளவைச் சொன்னேன், எலும்பு தேய்வதைச் சொன்னேன், சர்க்கரை ஏறுவதைச் சொன்னேன், அந்த வட்ட முகம் ஆரோக்கியம் இல்லை, வீக்கம் என்று சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டாள். நான் பேச்சை நிறுத்தியதும், "உனக்கும் கோவம் ஆகாதுட்டி" என்றாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, வாரம் வாரம் வரச் சொன்னாள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதற்கு. தெருவில் அதற்குள் செய்தி வேறு மாதிரி பரவியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் போடுகிற மருந்துதான் பச்சை டப்பாவிலும் இருக்கிறது என்று அக்காவின் தங்கச்சியே சோதித்துச் சொல்லிவிட்டாளாம். நான் அரசு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அறிக்கையை வைத்துப் புகார் அனுப்பினேன். தாங்களே கடையில் மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் நடவடிக்கை எடுக்க முடியும் என்று பதில் வந்தது. விதி அதுதான், எனக்கே தெரியும். இருந்தாலும் அந்தக் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி ஃபைலில் வைத்தேன்.

எனக்கு வேறு பயம் பிடித்திருந்தது. அன்று கூடத்தில் நான் கத்தியது அக்காவிடம் மட்டும் இல்லையே. யாராவது என் பேச்சைக் கேட்டு நிறுத்தித் தொலைத்திருந்தால்? எந்தப் பொடியை ஒழிக்க நினைத்தேனோ அதையே, "டாக்டரப் பாக்கிறது வரைக்கும் நிறுத்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். நல்லவேளை, ஒருவரும் நான் சொன்னதை மதித்திருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

கடைசியாகப் பக்கத்து வீட்டு மதினி. அவளுக்கும் கன்னம் உப்பியிருந்தது. முழுதும் கேட்டாள்.

"அன்னைக்கு நிறுத்துன்னு சொன்னே. இன்னைக்கு நிறுத்தாதேன்னு சொல்லுகே."

"ஆமா மதினி. அன்னைக்குச் சொன்னது தப்பு."

நான் தப்பு என்று சொன்னதும் அவள் முகம் மாறியது. அதுவரை அந்தத் தெருவில் என் பேச்சுக்குக் கிடைக்காத மரியாதை அப்போது கிடைத்தது. உள்ளே போய்ப் பச்சை டப்பாவையும் ஸ்பூனையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. உங்க அக்காவுக்குக் குறைச்சுக் குறைச்சுத் தாறாங்கல்லா, அது மாதிரி நானும் குறைக்கேன். நீ ஆபீசில இதத்தானே பாக்கே? இந்த ஸ்பூனுக்கு எத்தன மாத்திர வரும்னு மட்டும் சொல்லு. நீ சொன்னா நான் கேப்பேன்."

டப்பாவைத் திறந்து பார்த்தேன். அதே பச்சை, அதே முடக்கத்தான் வாசனை. நான் சோதித்த டப்பா இது இல்லை. இதில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கலந்தவனுக்கும் தெரியாது. மதினி ஸ்பூனைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது மதினி" என்றேன். "டப்பாவையும் எடுத்துக்கிடுங்க. டாக்டர்ட்ட ஒண்ணையும் மறைக்கப்பிடாது. வாங்க, ஆட்டோவ வரச் சொல்லுகேன்."