ழகரத்துக்கு வழி கேட்ட கதை

கூப்பிடும் முன்பே செவிசாய்க்கும் அம்மையப்பரை வணங்கித் தொடங்குகிறேன்.

ஆசிரியத் தொழிலில் உள்ளவர் நாளெல்லாம் கேள்வி கேட்பார். தமக்குத் தெரியாததை மட்டும் கேட்கமாட்டார். சாக்பீஸ் தூளில் தும்மிக் காலம் கழிக்கும் அன்பர்களே, இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரி முதலியார்பேட்டைப் பள்ளியில் தமிழாசிரியனாக நானும் அப்படித்தான் இருந்தேன், எட்டாம் வகுப்புக் கஸ்தூரி வாயை மூடிக்கொள்ளும் வரை. ‘பழம்’ என்பதை அவள் ‘பயம்’ என்று படித்தாள். பத்து முறை திருப்பிச் சொல்லச் செய்தேன். பத்து முறையும் பயமே வந்தது, வகுப்பு சிரித்தது. அன்றுமுதல் அவள் வாய்விட்டுப் படிப்பதே இல்லை. ஒரு மாதம் சென்றுவிட்டது.

கட்டமும் கேள்விக்குறியும்

எங்கள் கணக்கு ஆசிரியர் குமரவேல், சுற்றுவட்டார ஆசிரியர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு தொடங்கியிருந்தார். ஒருவர் எழுதினால் அனைவருக்கும் போகும். தெரிந்தவர் பதில் தருவார். கூச்சத்தை விட்டு, பிரௌசிங் சென்டரில் அமர்ந்து, எனக்குப் பழகிய தமிழ் எழுத்துருவில் ஒரு பக்கம் தட்டி அனுப்பினேன். அந்த எழுத்துரு பிறர் கணிப்பொறியிலும் இருந்தாக வேண்டும் என்பதை நான் அறியேன். வில்லியனூரிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியர், ஆங்கில எழுத்தைக் கொண்டு தமிழில் பதில் எழுதினார்: “ஐயா, உங்க கடிதம் வந்துது. ஒரே கட்டமும் கேள்விக்குறியுமா இருக்கு. வினாத்தாளா?”

ல, ல, ல

நானும் அவ்வாறே ஆங்கில எழுத்தில் எழுதத் துணிந்தேன். ‘ஒரு மாணவிக்கு ல, ள, ழ வரவில்லை, வாய்விட்டுப் படிப்பதையும் நிறுத்திவிட்டாள், வழி சொல்லுங்கள்’ என்பது என் விண்ணப்பம். ஆங்கில எழுத்தில் மூன்றும் ‘ல’ ஆயின; வழி, வலி ஆயிற்று. எந்த எழுத்துக்காகக் கையேந்தினேனோ அந்த எழுத்தே பாதியில் தொலைந்தது.

விளையாட்டு ஆசிரியர் ஒருவர் வலிக்குத் தைலம் பரிந்துரைத்தார். காலாப்பட்டுப் பாட்டு ஆசிரியையோ ஆறுதல் கூறினார்: “ல-ல-லா வரலைன்னா போவட்டும் ஐயா. தன-தன-னான்னு பாடச் சொல்லுங்க.”

மதாம் எழுதிய ஒரு வரி

வலியை வழி என்றே படித்துச் சிக்கலை அவிழ்த்தவர் பிரெஞ்சு கற்பிக்கும் மதாம் ரோசலின். தம் மாணவர் கையில் கண்ணாடி கொடுத்து, உதடும் நாக்கும் போகும் போக்கை அவர்களையே பார்க்கச் செய்வதாக எழுதினார். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண் எப்போதுமுதல் படிப்பதில்லை என்றும் வினவினார். மூன்றாம் நாள், காலைப் பதிகத்தை ஓதி முடித்து, பத்து முறை சொல்லவைத்த கதையை எல்லாரும் படிக்கும்படி எழுதிவிட்டேன். பிரெஞ்சு ‘ஐயா’ போட்டு மதாமிடமிருந்து ஒரே வரி வந்தது: “கண்ணாடிய மொதல்ல நீங்க புடிங்க, முசியே.”

பெரிய மார்க்கெட்டில்

அதன் பொருள் வெள்ளிக்கிழமை விளங்கியது. பூசைக்குப் பழம் வாங்கப் பெரிய மார்க்கெட் சென்றிருந்தேன். கூடைக்காரர்கள் இடித்துத் தள்ளிய அவசரத்தில், ஒரு சீப்பு ‘வாயப்பயம்’ தரும்படி என் வாய் கேட்டுவிட்டது. கடைக்காரம்மாள் சீப்பைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். பெற்றோர் கூட்டத்தில் கண்ட முகம், கஸ்தூரியின் தாய். கோபமில்லாமல்தான் கேட்டார்: “எம் பொண்ணும் இதையேதான சார் சொல்லிச்சு?”

எட்டாம் வகுப்பில்

திங்களன்று கண்ணாடியோடு வகுப்புக்குள் நுழைந்து, மார்க்கெட்டில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கஸ்தூரியிடம் மன்னிப்பும் கேட்டேன். பின்னர் கண்ணாடியை என் வாய்க்கு நேரே பிடித்து, நாக்கை வளைத்து, ‘பழம்’ என்றேன். பதற்றத்தில் பாதி யகரமாகவே வந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று வகுப்பு விழித்தது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, ஒரு மாதத்துக்கும் மேலாக நான் கேளாத குரல் கேட்டது: “சார், நாக்க இன்னுங்கொஞ்சம் மடிங்க. பயம் போயிடும்.”

ஒரு தமிழாசிரியர் தம் ழகரத்தைச் சீர்செய்துகொள்ள ஒரு கணிப்பொறியும், ஒரு பிரெஞ்சு ஆசிரியையும், ஒரு பழக்கடையும் தேவைப்பட்டன.

இதைப் படிப்போரும் படிக்கக் கேட்போரும், தெரியாததைக் கேட்கும் துணிவும் கேட்டால் சொல்லும் நட்பும் பெற்று நீடு வாழ்க.